ஃபோஸ்கோவின் கருமுடி

டஸ்கனி மலைச்சரிவில் ஃபோஸ்கோவும் அவன் மனைவி ஒர்னெல்லாவும் திராட்சை பயிரிட்டு வந்தார்கள். ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. வரிசைகளுக்கு நடுவே மொச்சையை விதைத்து, பூத்ததும் உரமாக மண்ணோடு மடக்கி உழுவார்கள். பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டாலேயே சாறு பொங்கிச் சிவப்பு வைனாகும். அதன் சுத்தத்துக்காகவே தொலைதூரத்திலிருந்து ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

அறுபதைத் தாண்டிய ஃபோஸ்கோவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காக்கைச் சிறகுபோலக் கருத்த சுருள்முடி. யார் கேட்டாலும், "எங்க அப்பா வழி அப்படி" என்பான்.

அந்த ஆண்டு பழம் இனிக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்து இறங்கின. மனித வாடை அவற்றுக்கு ஆகாது. முடிதிருத்தும் நெல்லோவின் கடையிலிருந்து ஒர்னெல்லா மூட்டையாக முடி அள்ளிவந்து, துணியில் முடிந்து வரிசைதோறும் கட்டினாள். பன்றிகள் விலகின. ஆனால் இயற்கை விவசாயச் சான்று தரும் லாஸெரி அம்மாள் சோதனைக்கு வந்து, ஒரு முடிச்சைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுல சாயம் இருக்கேம்மா. மழை பெஞ்சா அவ்வளவும் வேருக்குத்தானே போகும்? எல்லாத்தையும் கழட்டுங்க. சாயம் படாத முடின்னா கட்டிக்கோங்க."

ஒர்னெல்லா வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் தங்கள் முடி இயற்கையானதே என்று சத்தியம் செய்தார்கள். முடி கொடுக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. "யார் யாருக்குச் சாயம்னு சொன்னா நான் கடைய மூட வேண்டியதுதான் தாயே" என்று நெல்லோ கையை விரித்துவிட்டான்.

அவள் வீடு திரும்பியபோது ஃபோஸ்கோ சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். கத்தரிக்கோலை அவன் முன்னால் வைத்தாள்.

"சாயமே படாத தலை நம்ம வீட்டுலயே இருக்கேய்யா. குனி."

ரொட்டி சூப்பில் முழுகிப்போனது. பொய் சொன்னால் சான்று போகும், மெய் சொன்னால் மானம் போகும்.

"அடியே... அது வந்து... மாசாமாசம் நெல்லோ பின்கதவு வழியா..."

ஒர்னெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெரியும்யா! உன் தலையணை உறையத் தொவைக்கிறது யாரு, காட்டுப்பன்னியா?"

"தெரிஞ்சே எதுக்குடி கேட்ட?"

"உன் வாயால கேக்கணும்னு எத்தனை வருஷத்து ஆசை!"

சிரித்து ஓய்ந்ததும், இடுப்புவரை தொங்கிய தன் வெள்ளைப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். "ம், வெட்டு."

"வேணாம்டி."

"பன்னி தின்னுட்டுப் போகட்டுங்கிறியா?"

ஃபோஸ்கோ கத்தரிக்கோலை எடுத்து வெட்டினான். அந்தப் பின்னல் பாதித் தோட்டத்துக்குத்தான் எட்டியது. மீதி வரிசைகளில் ஃபோஸ்கோவின் துவைக்காத பனியன்கள் தொங்கின. லாஸெரி அம்மாள் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. கிட்டே போகத்தான் மறுத்துவிட்டார்.

காட்டோரத்து வரிசை ஒன்றைப் பன்றிகள் தின்றன. மற்றதெல்லாம் அறுவடையாகித் தொட்டிக்கு வந்தது. மேலே மிதக்கும் தோல்களைக் கம்பால் அமுக்கிக்கொண்டிருந்த ஃபோஸ்கோ, வேலையை விட்டுவிட்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பாக்குற?"

"உன் பிடரியில ஒரு மச்சம் இருக்குடி. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே!"

"மச்சம் எங்கயும் போகாது. தொட்டியப் பாரு, பொங்குது!"