பன்னிரண்டாவது நாற்காலி

2024 மார்ச் 28, பெரிய வியாழன். செஞ்சியில் ஒரு நெல் மண்டியின் வாசலில் மாலை நான்கரை மணிக்கு லாரியில் இருநூற்றுப் பத்து மூட்டை ஏறியிருந்தது. இன்னும் தொண்ணூறு பாக்கி.

சாலமன் எழுபத்தைந்து கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகையில் ஏறினான். பலகை புதிது. இதற்கு முன்பு இருந்தது நடுவில் விரிசல் விட்டு, கயிறு சுற்றியது. நாற்பது நாளைக்கு முன் அது முறிந்ததில் பச்சைமுத்து மூட்டையோடு விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது சாலமன்தான். கிளம்பும்போது மேஸ்திரி தனகோட்டி ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்.

"வூட்டுல வழுக்கி வுழுந்தாருன்னு சொல்லு. மண்டி பேரு வந்துச்சுன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல, தெரிஞ்சிக்கோ."

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது சாலமன் அப்படியே சொன்னான். முனகிக்கொண்டிருந்த பச்சைமுத்து கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். வேலையில் அடிபட்டதாக எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்க முடியவில்லை. அதன் பிறகு சாலமன் பச்சைமுத்து வீட்டுத் தெருப் பக்கமே போகவில்லை.

"இன்னாடா, அப்போஸ்தலரு இன்னும் கிளம்பலயா?" என்றார் தனகோட்டி. "உன் காலைக் கழுவி சாமியாரு முத்தம் குடுப்பாராமே. தவுட்டு நாத்தம் தாங்குவாரா அவுரு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சாலமன் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

இயேசு தம் சீடர் பன்னிருவரின் காலைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் மாலை நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்குப் பங்குச் சாமியார் பதினோரு பேரைச் சேர்த்திருந்தார். குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது, பன்னிரண்டாவது ஆளாக உட்காரச் சொல்லி சாலமனைக் கேட்டார். "நான் அதுக்கு லாயக்கில்ல சாமி" என்றான். ஏன் என்று கேட்டதும், வேப்பமரத்தடியில் நின்று ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைச் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சாமியார் முழுதும் கேட்டார். "அத நீ பச்சைமுத்துகிட்ட சொல்லணும். எப்ப சொல்வியோ, அது உன் பாடு. ஆனா யோக்கியனாப் பாத்துத்தான் உக்கார வெக்கணும்னா பன்னெண்டு நாற்காலியும் காலியாத்தான் கிடக்கும். வந்து உக்காரு."

மூட்டைகள் ஏறி முடிய ஐந்தே முக்கால் ஆயிற்று. கோயில் கேட்டில் அவன் மனைவி ராயம்மாள் நின்றிருந்தாள்.

"சுடுதண்ணி வெச்சேன், சோப்பு வெச்சேன், கால் தேய்க்கிற கல்லு வெச்சேன். வூட்டுக்கு வராம நேரா வந்து நிக்கறியே! காலைப் பாருயா."

கணுக்கால் வரை தவிடும் புழுதியும் வியர்வையில் ஊறிக் காய்ந்திருந்தன. குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டாம் மணியும் அடித்துவிட்டது.

பாதம் கழுவப்படப் போகிறவர்கள் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவதுதான் அங்கே வழக்கம். சாமியார் கையில் அழுக்குப் படக் கூடாது. பக்கத்து நாற்காலியில் இருந்த மதலைமுத்து தேங்காய் எண்ணெய்கூடத் தடவியிருந்தார். சாலமனின் காலைப் பார்த்துவிட்டு வேட்டி நுனியை ஒதுக்கிக்கொண்டார்.

பதினோரு பேருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர்தான் செலவாயிற்று. பன்னிரண்டாவது நாற்காலிக்கு முன்னால் தாம்பாளம் கறுத்தது. சாமியார் இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு இன்னொன்று. விரலிடுக்குகளில் கட்டை விரலை விட்டுத் தேய்த்தார். வெள்ளைத் துண்டில் கறை பிடித்தது. குனிந்து பாதத்தில் முத்தமிட்டுவிட்டு எழுந்தார். ஏதாவது தோன்றும் என்று சாலமன் எதிர்பார்த்திருந்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"மானம் போச்சு" என்றாள் ராயம்மாள், வீடு திரும்பும் வழியில்.

"தெரிஞ்சேதான் தொட்டாரு."

"யாரு, சாமியாரா?"

"காலைல பச்சைமுத்து அண்ணன் வூட்டுக்குப் போறேன்" என்றான்.

"மண்டியில தெரிஞ்சா வேலை போயிடும்யா."

"போவும்."

மறுநாள் பெரிய வெள்ளி. பச்சைமுத்துவின் மனைவி ரத்தினம்மாள் கதவை முழுதும் திறக்கவில்லை. "உசுரோட இருக்காரான்னு பாக்க வந்தியா?"

"அண்ணி, உள்ள வுடு."

பச்சைமுத்து கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். சாலமன் தரையில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேண்ணே. பலகை ஒடைஞ்சி வுழுந்தீங்கன்னு எழுதிக் குடுக்கறேன்."

"நாப்பது நாளா எங்கடா இருந்த?"

"பயந்துகினு இருந்தேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்லண்ணே. பயம் இருக்குது. ஆனா இப்படிப்பட்டவன்னு தெரிஞ்சும் ஆண்டவரு என்னத் தள்ளல. இனிமேவும் தள்ள மாட்டாரு. அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

பச்சைமுத்து மேற்கூரையைப் பார்த்தபடி சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் சுருங்கியது.

"உங்க ஆண்டவரு தாராளமான ஆளுடா. என் இடுப்புக்கு இன்னா சொல்றாரு, கேட்டியா?"

ரத்தினம்மாள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் எடுத்துக் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டார்கள். "வேலை போயிடும்னு" என்றான். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள்.

புதன்கிழமை காலை மண்டிக்குப் போனபோது வேறொருவன் முதுகில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. "ஆளு போட்டாச்சு சாலமன். நீ போய் சாமியாரு மூட்டையத் தூக்கு" என்றார் தனகோட்டி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை.

ஜூன் கடைசி வரை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. பச்சைமுத்து கோலை ஊன்றிக் கொல்லைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார். சாலமன் தினமும் காலை முதல் பஸ்ஸில் அவலூர்பேட்டைக்குப் போகிறான். அங்கே ஓர் அரிசி மில்லில் மூட்டை ஏற்றும் வேலை. சேர்ந்த அன்றைக்குப் பெயரைக் கேட்டார்கள். எந்தப் பதிவேட்டிலும் எழுதிக்கொள்ளவில்லை; அங்கே விழுந்தால், வேலைக்கு வந்தான் என்பதற்கே அத்தாட்சி இருக்காது.