சிவப்புத் துணி கட்டின பெல்ட்

கையில புதர் வெட்டுற அரிவாளோட ஒரு பொம்பளை டவர் படியில தடதடன்னு ஏறி வந்தா யாருக்குத்தான் பதறாது? ராக்கம்மாவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்ல. மேலே நாப்பதடி உயரத்துல ஜிப்லைன் கம்பியில கொக்கியை மாட்டிக்கிட்டு ஒரு பத்து வயசுப் பொண்ணு நிக்குது. அது இடுப்புல இருக்கிற பெல்ட்ல சிவப்புத் துணி கட்டியிருக்கு. அந்தத் துணியைக் கட்டினவளே ராக்கம்மாதான்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில இருக்கிற அந்தச் சாகசப் பூங்கா அரசாங்கத்தோடது. பச்சைமலையில இருந்து பொழைக்க வந்த ராக்கம்மா ஏழு வருஷமா அங்க வர்றவங்களுக்கு பெல்ட் மாட்டி விட்டவ. எதிர் டவர்ல ஆளைப் பிடிச்சு இறக்குறது சவரிநாதன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்: தையல் விட்ட பெல்ட்டை அன்னைக்கே ரெண்டா வெட்டிடணும். முழுசாக் கிடந்தா எவனாவது எடுத்து மாட்டிடுவான்.

போன மாசம் பூங்காவை நடத்துற பொறுப்பைத் தனியார் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. ஒப்படைக்கிற அன்னைக்கு லிஸ்ட்ல இருக்கிற சாமான் அத்தனையும் முழுசா இருக்கணும், ஒண்ணைக்கூட வெட்டக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. அப்பப் பார்த்து ரெண்டு பெல்ட்ல தையல் விட்டுக் கிடந்துச்சு. ராக்கம்மா வெட்டல. பழைய சேலையில இருந்து சிவப்புத் துணி கிழிச்சு, ரெண்டுலயும் முடிச்சுப் போட்டு, ஷெட்டுல தனி ஆணியில மாட்டினா. பார்த்தாலே புரியும்னு நினைச்சா. பாழாப்போன நினைப்பு! மறுநாள் ஆயுத பூஜை. பூங்கா பூரா குங்குமம், பூ, கலர் துணி. அதுக்கு அடுத்த நாள் வந்து இறங்கின கம்பெனிக்காரங்களுக்கு எது ஆபத்து, எது பூஜைன்னு எப்படித் தெரியும்? சவரிநாதன்கிட்டயாவது அவ சொல்லியிருக்கணும். வந்த அன்னைக்கே அவளைப் புதர் வெட்டத் தள்ளிட்டாங்க. அந்த வயித்தெரிச்சல்ல மறந்தே போயிட்டா. இன்னைக்குக் கூட்டம் அதிகம்னு ஆணியில கிடந்ததையும் எடுத்து மாட்டியிருக்காங்க; கீழே புதர் வெட்டிக்கிட்டிருந்தவ கண்ணுல அந்தச் சிவப்பு பட்டுச்சு.

"பெல்ட்டைக் கழட்டுங்க! தையல் விட்டுப் போச்சு!"

ஸ்பீக்கர்ல பாட்டு அலறினதுல யாருக்கும் கேக்கல. படிக்கட்டுல செக்யூரிட்டி மறிச்சான். அவன் கையை ராக்கம்மா ரத்தம் வர்ற மாதிரி கடிச்சா. அவன் லத்தியால முதுகுல ரெண்டு போட்டான். விழுந்து எந்திரிச்சு ஏறினா.

மேலே கம்பெனி மேனேஜர் பூவரசன் நின்னுக்கிட்டிருந்தான். "வந்துட்டியா? வேலையை மாத்தினதுக்கு இப்படிக் கெடுக்கப் பாக்குறியா?"ன்னு அவ கொண்டையைப் பிடிச்சு இழுத்தான். பொண்ணோட அப்பா பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க சார், பூஜை போட்ட பெல்ட்டு. ராசியானது"ன்னு வேற சொல்றான், அடப்பாவி!

ராக்கம்மா பொண்ணு மேல பாஞ்சு கொக்கியைக் கழட்டி, பலகைப் பக்கம் இழுத்துப் போட்டா. அரிவாளைப் பார்த்த அப்பன்காரன் சும்மா இருப்பானா? பெத்தவனாச்சே. மூக்குல விட்டான் ஒரு குத்து. ரத்தம் கொட்டுது. அவ கையை விடல. பெல்ட்டை உருவி எடுத்து, தொடைநாடா சேர்ற இடத்துல ரெண்டு கையாலயும் இழுத்தா. பர்ருன்னு பிரிஞ்சு வந்துருச்சு. அப்பன்காரன் பொண்ணைக் கட்டிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டான்.

"இன்னொண்ணு எங்கடா? துணி கட்டினது ரெண்டு! இன்னொண்ணு எங்க?"

பூவரசன் முகம் செத்துப்போச்சு. எதிர் டவர் பக்கம் பார்த்தான். முன்னாடி போன காலேஜ் பொண்ணு எடை பத்தாம பாதிக் கம்பியில நின்னு போயிருந்துச்சு. அதை இழுத்து வர சவரிநாதன் கம்பியில தொங்கிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தான். அவன் இடுப்புலயும் சிவப்புத் துணி.

"வாக்கி டாக்கியைக் குடுடா! அவனைத் திரும்பிப் போகச் சொல்லணும்!"

"இரு, கூட்டம் பார்க்குது, நானே சொல்றேன்"னு பூவரசன் அதைப் பின்னால மறைச்சான். அவ அவன் கையை முறுக்கினா. அவன் வயித்துல உதைச்சான். ரெண்டு பேரும் பலகையில உருண்டாங்க. வாக்கி டாக்கி அவ கைக்கு வந்து, "சவரி! திரும்பிப் போடா!"ன்னு கத்தினப்போ கம்பியில சவரியோட கொக்கி மட்டும்தான் ஆடிக்கிட்டிருந்துச்சு. சவரிநாதன் முப்பதடி கீழே, காஞ்ச ஆத்து மணல்ல கிடந்தான்.

அப்ப பூவரசனை அடிச்சா பாருங்க ராக்கம்மா. பிஞ்ச பெல்ட்டைக் கையில சுத்திக்கிட்டு, இரும்பு பக்கிள் படுற மாதிரி, மூஞ்சி, காது, பல்லுன்னு பார்க்காம விளாசினா. "நீதானேடி துணி கட்டினே! நீதானே கட்டினே!"ன்னு அவன் அலறினான். அதைக் கேட்டு இன்னும் ஓங்கி அடிச்சா. நாலு பேர் சேர்ந்துதான் பிரிச்சாங்க.

படியில பாதி ஓடி, பாதி விழுந்து, மணலுக்கு வந்தா. சவரிநாதனுக்கு ஒரு கால் பின்பக்கமாத் திரும்பிக் கிடந்துச்சு. வாயில ரத்தம். கண்ணு மட்டும் அவளைத் தேடுச்சு.

"ஏண்டா மாட்டின? துணி கட்டியிருக்கே, பார்க்கலியாடா?"

"பார்த்தேன்க்கா. உங்க முடிச்சுதான்னு தெரிஞ்சுது." மூச்சு வாங்கினான். "கெட்டதா இருந்தா நீங்க வெட்டியிருப்பீங்களே... அதான் நம்பி மாட்டிக்கிட்டேன்."

அவளைத் தேடின கண்ணு அப்படியே நிலைகுத்தி நின்னுருச்சு. ராக்கம்மா பூவரசனை அடிச்ச அதே கையால தன் மூஞ்சியிலயே அடிச்சுக்க ஆரம்பிச்சா. சுத்தி அவ்வளவு ஜனம் நின்னுச்சு, அந்தக் கையைப் பிடிக்க ஒருத்தரும் வரல.