காய்ந்த ரொட்டியும் கை நனைக்காத அக்காவும்

என் அக்கா அக்கம்மாளுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. உண்மையைச் சொன்னால், அவளோடு முதலில் பிறந்தது அதுதான். தம்பியாகிய நான் ஆறு வருஷம் பிந்தித்தான் வந்து சேர்ந்தேன். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையத் தண்ணீர் என்பாள்.

அப்படிப்பட்டவள் எட்டு வருஷமாக என் வீட்டில் கை நனைக்கவில்லை. காரணம் ஈரல். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிடா வெட்டி, சின்னமனூரில் எங்கள் வீட்டில் விருந்து வைத்தோம். அது சாமானியக் கிடா இல்லை. கட்டி வைத்த வேப்பமரத்தை அது நாலு தெரு இழுத்துக்கொண்டு போனதை நானே கண்ணால் பார்த்தேன். அவ்வளவு பெரிய கிடாவில், அக்காவின் இலைக்கு மட்டும் ஈரல் வரவில்லை. என் மனைவி ராஜாத்தி அதைத் தன் அண்ணனுக்கு எடுத்து ஒளித்துவிட்டாள் என்பது அக்காவின் கட்சி. பந்தியிலேயே தீர்ந்துபோனது என்பது ராஜாத்தியின் கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேராததால் இரண்டு பக்கமும் வசவு வாங்கினேன். அக்கா இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

"இனிமே இந்த வீட்டுல ஒரு வாய்ச் சோறோ ஒரு மடக்குத் தண்ணியோ என் தொண்டையில எறங்குனா, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!"

அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்கு வருவாள், உட்காருவாள், ஊர்க்கதை பேசுவாள், என்னைத் திட்டுவாள். ஆனால் தண்ணீரைக் கூட ஆனைமலையன்பட்டியிலிருந்து தன் பாட்டிலில் கொண்டுவருவாள்.

நானும் பழகிவிட்டேன். ஆனால் 2008 கார்த்திகையில் அவள் மகள் அபிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தையில் முகூர்த்தம். தாய்மாமன் நான் ஒருத்தன் கல்லாட்டம் இருக்கிறேன். சபையில் நின்று மாமன் மாலை போட வேண்டியவன் நான். அக்கா என்ன சொல்லியிருக்கிறாள்? "கை நனைக்காத வீட்டுச் சீர எப்பிடி வாங்குறது? சித்தப்பா மகன் பொன்னுராசு நிக்கட்டும்" என்றிருக்கிறாள். மார்க்கையன்கோட்டையில் பொன்னுராஜ் பட்டுவேட்டி எடுத்துவிட்டானாம். மீசைக்குச் சாயமும் வாங்கிவிட்டானாம். அந்தச் சாயத்தை அவன் அடித்தால் மீதி மை ஒரு சுவரொட்டி அச்சடிக்கக் காணும். அபிதாவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான், மாலை அவனுக்கா?

உட்கார்ந்து யோசித்தேன். அக்காவின் சபதத்தில் இரண்டே சங்கதிதான்: சோறு, தண்ணி. இரண்டும் இல்லாத ஒரு பலகாரத்தை அவள் வாயில் போட்டுவிட்டால்?

நான் மேகமலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே மேனேஜர் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர் முஜிபுர் ரஹ்மான். அவரும் ஓய்வு பெற்று உத்தமபாளையத்தில் இருந்தார். போனைப் போட்டேன்.

"பாய், பொட்டுத் தண்ணி சேக்காம ஒரு பலகாரம் வேணும்."

"ஸ்கோன் சுடுங்கண்ணே. வெள்ளக்காரன் டீயோட திங்கிற குட்டி ரொட்டி. மைதா, வெண்ணெய், தயிரு. பங்களாவுல கடைசியா இருந்த அம்மா அதுல பச்சைத் தேயிலைத் தூளும் காஞ்ச திராட்சையும் போடச் சொல்லுவாக. மணக்கும். ஆனா ஒண்ணு, மாவப் பெசையாதீக."

"பெசையாம எப்பிடி பாய்?"

"தொட்டும் தொடாம சேத்துவிடணும். புரோட்டாவுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சீகன்னா, அத வச்சு வீடு கட்டலாம்."

நான் கேட்டேனா? நம் ஊரில் மாவு என்றால் அடித்தால்தான் மரியாதை. முதல் ஈட்டை அடித்துப் பிசைந்து சுட்டேன். ஒன்றைக் காக்காய்க்கு வீசினேன். காக்காய் ஒதுங்கிக்கொண்டது, பக்கத்து வீட்டு ஓடு ஒதுங்கவில்லை.

அடுத்த ஈட்டில் பாய் சொன்னபடியே செய்தேன். குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்து, பேக்கிங் பவுடரும் சர்க்கரையும் கலந்து, கட்டித் தயிர் ஊற்றிச் சேர்த்தேன். தயிரில் சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. மாடு குடித்த தண்ணீருக்கு நான் பொறுப்பில்லை. மலையிலிருந்து பழைய சிநேகிதர் கொடுத்தனுப்பிய காய்ந்த பச்சைத் தேயிலையைக் கரண்ட் இருந்தபோதே மிக்சியில் அரைத்துத் துணியில் சலித்தேன். மாவைத் தட்டி, டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டினேன். அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. ஆகவே குண்டானில் ஆற்று மணல் கொட்டி, காயவிட்டு, அதன் மேல் தட்டு வைத்து மூடிச் சுட்டேன்.

திராட்சைதான் என் பிரம்மாஸ்திரம். அக்காவின் கொடியில் காய்த்த பன்னீர்த் திராட்சை மழையில் வெடித்து, வியாபாரி வேண்டாமென்று போய்விட்டார். அவள் அதை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தாள். அபிதாவிடம் ரகசியமாகச் சொல்லி ஒரு பை எடுத்துவரச் செய்தேன். அவள் தோட்டத்துப் பழத்தைத்தானே அவள் தின்னப் போகிறாள்!

கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்த வேலையில் தெருவே சந்தேகப்பட்டது. லேகியம் கிண்டுகிறேன் என்றார்கள். ராஜாத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அடுப்புப் பக்கமே வராத மனுசன், கதவச் சாத்திக்கிட்டுப் பச்சப் பொடி சலிக்கிறீக. எதுக்குன்னு சொன்னாத்தான் என்ன?"

"எல்லாம் உன் நாத்தனாருக்குத்தான்."

"ஆத்தாடி!" என்று கன்னத்தில் கை வைத்தவள், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் மச்சான் அழகரும் பத்திரிகை வைக்க வந்தார்கள். பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். மாலையைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் ஸ்கோன் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். பாசி பிடித்த கல்லில் கட்டெறும்பு மொய்த்த மாதிரி, பச்சையில் கறுப்புப் புள்ளியாக அழகாக இருந்தது.

அக்கா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னாதுலே இது?"

"ஸ்கோனுக்கா. பங்களாவுல தொரைமாரு திங்கிறது."

"தின்ன தொரை இருக்கானா, போய்ச் சேந்துட்டானா?"

"அக்கா, இது சோறும் இல்ல, இதுல தண்ணியும் இல்ல. உன் சபதத்துக்கு ஒரு கொறையும் வராது."

"அம்புட்டுத் தூரம் யோசிச்சிருக்கன்னா, உள்ள என்னமோ இருக்கு." ஒன்றை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முகர்ந்தாள். "கொடிக்கு மயில்துத்தம் அடிச்ச மறுநாளு எல இந்தக் கலர்லதான் இருக்கும். மருந்தடிச்ச எலையவா அரச்சுப் போட்ட?"

"தேயிலைக்கா!"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏலே சுந்தரம், நெசத்தச் சொல்லு. கடமலைக்குண்டுப் பக்கம் எவனோ வசிய மருந்து குடுக்குறானாம்ல? சோத்துல வச்சா, திங்கிறவுக சொன்னபடி கேப்பாகளாம். அங்கன போனியா நீ?"

இடுமருந்து வைக்கிறவன் என்று என்னைச் சொல்லிவிட்டாள்! நான் பதில் சொல்வதற்குள் மச்சான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார். மச்சான் எந்தச் சபதமும் எடுக்காதவர். யார் வீட்டிலும், எந்த நேரத்திலும், எதையும் சாப்பிடும் சமாதானப் பிரியர்.

"நல்லாருக்கு மாப்ள" என்று இரண்டாவதையும் எடுத்தார்.

அக்கா தடுக்கவில்லை. "தின்னட்டும். அவுகளுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துக்கிருவோம்" என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டின புருஷனைச் சோதனை எலியாக்கிய பொம்பளை இந்தப் பள்ளத்தாக்கில் இவள் ஒருத்திதான். மச்சான் நாலு தின்றார். தொண்டை அடைக்க, அக்காவின் பாட்டிலை எடுத்து மடமடவென்று கவிழ்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போனது. அக்கா அவர் கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"எம் பேரென்ன?"

"அக்கம்மா."

"எந் தம்பி எப்பிடிப்பட்டவன்?"

"தங்கமான பயல்ல அவன்!"

அக்கா துள்ளி எழுந்தாள். "பாத்தியா, பாத்தியா! மருந்து வேல செய்யுது! கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த மனுசன் உன்னய ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல!"

மச்சான் பயந்துபோனார். "ஏய், சும்மா சொன்னேன்டி. சரியான களவாணிப்பய அவன்."

"ம், இப்பத் தெளிஞ்சிருச்சு" என்று அக்கா உட்கார்ந்தாள். ஆனாலும் அவர் சாகவில்லை, கிறுக்குப் பிடிக்கவில்லை, வழக்கம்போல ஐந்தாவதற்குக் கை நீட்டினார். அதைப் பார்த்தபிறகே அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் எலி கொறிப்பது போலக் கொறித்தாள். பிறகு ஒரு கடி.

நறுக்கென்று ஒரு சத்தம். அக்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

"கொட்ட!"

"என்னக்கா?"

"கடையில விக்கிற கிஸ்மிஸ்ல ஏதுலே கொட்ட? பன்னீர்த் திராட்சையிலதான் கொட்ட இருக்கும். இது எந் தோட்டத்துப் பழம்! எவன்டா களவாண்டது?"

நான் எழுந்து நின்று என் வாதத்தைப் பெருமையாக எடுத்துவைத்தேன். "உன் பழம்தான்க்கா. உன் பழத்த நீ தின்ன. சோறுமில்ல, தண்ணியுமில்ல. சபதமும் நிக்குது, என் வீட்டுல வாயும் வச்சாச்சு. இனி மாலைய நான் போடலாம்ல?"

அக்கா மிச்சத்தையும் நிதானமாக வாயில் போட்டு மென்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நீயேதானலே சொல்ற, சோறுமில்ல தண்ணியுமில்லன்னு? திராட்சையும் என்னோடது. அப்ப உன் வீட்டுல நான் இன்னும் கை நனைக்கலதான? மாலைய பொன்னுராசே போடட்டும்."

கோர்ட்டில் வாதாட வேண்டிய பொம்பளை திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கிறாள். பத்திரிகைத் தட்டை வெறித்துக்கொண்டு நின்றேன்.

"கெளம்புவம்" என்று அக்கா எழுந்தாள். எழுந்தவளுக்கு "ஹிக்" என்று ஒரு விக்கல்.

தண்ணீரே சேராத பலகாரம். விழுங்கியது நெஞ்சில் நின்றுவிட்டது. இரண்டாவது விக்கலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மூன்றாவதில் சுவரில் தொங்கிய காலண்டர் கார்த்திகையிலிருந்து தைக்குப் புரண்டது. நான் மிகைப்படுத்தவில்லை, மார்கழியை அது தொடவே இல்லை. அக்கா தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜாத்தி உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். எட்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் அவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

"குடிங்க மதினி. மருந்து எதுவும் கலக்கல."

அக்கா சொம்பைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்த்தாள். "ஹிக்" என்றாள். பிறகு சொம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக வடிந்து தரையில் சொட்டியது.

"நனைச்சாச்சு" என்றார் மச்சான்.

"வாய மூடுங்க! எல்லாம் இந்தப் பய வேல. தொண்டையில நிக்கட்டும்னே காய வச்சுச் சுட்டிருக்கான்." சொம்பைத் தரையில் ணங்கென்று வைத்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. சாணென்ன, மொழமென்ன? சோத்தையும் போடச் சொல்லு" என்றாள்.

ராஜாத்தி இலை போட்டாள். முதலில் வைத்தது ஈரல் வறுவல். மிளகு போட்டது. அன்றைக்கு ஈரல் வாங்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா அதைக் கிளறிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், "உப்புக் கம்மி" என்றாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மாலைய ரோசாவுல கட்டச் சொல்லு. பொன்னுராசு சாயத்த வேற கல்யாணத்துக்கு வச்சிக்கிறட்டும்."

என் தலை கூரையில் இடித்தது. அவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டேன். அப்போது அக்கா வண்டியில் ஏறிக்கொண்டே திரும்பினாள்.

"அடுத்த தடவ சுட்டா, திராட்சைய நறுக்கிப் போடுலே. நான் காம்பெல்லாம் ஒண்ணொண்ணா கிள்ளித்தான அபிதாட்டக் குடுத்துவிட்டேன்?"

வண்டி போய்விட்டது. அப்படியானால் தெரிந்தேதான் பையைக் கொடுத்தனுப்பினாளா? களவாண்டது எவன் என்று கத்தியது எதற்கு? உள்ளே போய்ப் பார்த்தேன். ராஜாத்தி அக்கா விட்டுப் போன பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்பயும் முழுசா நெரப்பிக்கிட்டுத்தான வரும் உன் மதினி? மச்சான் நாலு மடக்குலயே எப்பிடி முடிச்சாரு? இன்னைக்கு வேணும்னே கொறையாக் கொண்டாந்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ராஜாத்தி, முகத்தைத் திருப்பாமல்.

எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.