சீக்கிரம் வந்த சங்கிலி

முதியோர் மையம் என்று பலகை மாட்டிய இடத்துக்குள் காலடி எடுத்து வைக்க மாட்டேன் என்று மகளிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம், அதில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். அப்படிப்பட்டவனை வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வார்களாம், நானும் தட்ட வேண்டுமாம்.

"அப்பா, ஒரே ஒரு தடவை போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள் மகள், ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு. அவள் வாயை மூடுவாள் என்ற ஆசையில்தான் போனேன்.

நூலகத்துக்குப் பின்புறம் ஒரு நீளமான ஹால். நாற்பது நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். குறை கண்டுபிடிக்கலாம் என்று குனிந்து பார்த்தால், ஒவ்வொரு நாற்காலியின் நான்கு கால்களுக்கும் ரப்பர் உறை மாட்டியிருந்தது. உட்காரும்போது வழுக்கக் கூடாதாம். நூற்றறுபது உறைகளையும் ஒரே ஆள் தரையில் உட்கார்ந்து மாட்டினாராம். அந்த ஆளைத்தான் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, உட்காரவும் மாட்டார். செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தம் பார்ப்பது, வியாழக்கிழமை உட்கார்ந்தபடி உடற்பயிற்சி, பென்ஷன் படிவம் நிரப்பித் தருவது, சமைக்க முடியாதவர்கள் வீட்டுக்கு வேனில் மதியச் சாப்பாடு அனுப்புவது எல்லாம் அவர்தான். சாப்பாட்டு டப்பாவின் மூடியை அரைத் திருகோடு விடச் சொல்வார். நடுங்கும் கையால் இறுகிய மூடியைத் திறக்க முடியாமல் பட்டினி கிடந்த ஒருவரை அவருக்குத் தெரியும்.

நான் சும்மா ஒன்றும் ஆளைப் பாராட்டுகிறவன் இல்லை. ஆனால் வேலை தெரிந்தவரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். மறுநாளும் போனேன். மகள் வாயை மூடவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வாரம் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நேரம் தவறாத ஆள் ஒருத்தர் தேவைப்படுது. சங்கிலியில சேர்றீங்களா?"

சங்கிலி என்பது இதுதான். மையத்துக்கு வருகிறவர்களில் தனியாகக் குடியிருப்பவர்கள் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர், சிஸ்டரோடு பதினொன்று. காலை ஏழு மணிக்கு சிஸ்டர் இரண்டாவது ஆளுக்கு ஃபோன் செய்து "ஒண்ணு" என்பார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு "ரெண்டு" என்பார். இப்படியே ஆளுக்கு ஆள் போய், பதினொன்றாவது ஆள் சிஸ்டரைக் கூப்பிட்டுப் "பதினொண்ணு" என்றால் எல்லோரும் விழித்தாயிற்று, எல்லோரும் நலம். யாராவது எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகக் கூடாது. நேரே சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும். பத்து வீட்டுச் சாவிகளும் பெயர்ச்சீட்டு கட்டி அவர் கைப்பையில் இருந்தன.

கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் லைன் கிளியர் முறையேதான் இது. வந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்க்காமல், பின்னால் வரும் வண்டிக்கு வழி கொடுக்கக் கூடாது. அந்த விளக்கைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. என்னை ஆறாவது ஆளாகச் சேர்த்தார்கள். ஐந்தாவது ஆள் எத்தனை சீக்கிரம் கூப்பிட்டாலும் நான் வண்டியை நிறுத்திவைத்து, சரியாக ஏழு எட்டுக்குத்தான் விடுவேன்.

எனக்கு அடுத்த ஏழாவது ஆள் மைக் செட். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்துவந்தவர். தொழிலை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் வாய் மட்டும் வாடகையில் இருந்து திரும்பி வரவில்லை. நான் "ஆறு" என்றால் "ஏழு" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதானே? மாட்டார். கனவில் கண்டது, பால் பொங்கியது, எதிர்வீட்டு நாய் இருமியது எல்லாவற்றையும் சொல்லித்தான் விடுவார். பிறகு எட்டாவது ஆளான டீச்சரம்மாவைக் கூப்பிட்டு அதே நாயை இன்னொரு தடவை இரும வைப்பார். மொத்தம் பத்து நிமிஷம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இந்த வாய் பாடினதுகூட இல்லை.

"சரி சரி, வைக்கிறேன்" என்று நான்தான் தினமும் துண்டிப்பேன்.

ஒரு புதன்கிழமை மதியம் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். சிவப்புக் காயை நான் குறிபார்த்து அடிக்க, காய் அசையவில்லை, ஸ்ட்ரைக்கர் மட்டும் பலகையைத் தாண்டிப் பறந்து டீச்சரம்மாவின் தேநீரில் விழுந்தது. மைக் செட் எழுந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஹாலே அதிரும்படி அறிவித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஸ்டேஷன் மாஸ்டரின் வண்டி தடம் புரண்டு தேநீரில் விழுந்துவிட்டது! ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்!"

ஹால் முழுவதும் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் என் பொறுப்பில் ஒரு வண்டிகூடத் தடம் புரண்டதில்லை. அவருக்கு அது விளையாட்டு, எனக்கு மூக்கறுத்த மாதிரி இருந்தது. ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் பொருமல்.

மறுநாள் காலை ஐந்தாவது ஆள் "அஞ்சு" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு எட்டு ஆனது. மைக் செட்டின் எண்ணில் விரலை வைத்தேன். எடுத்ததும் "என்ன மாஸ்டர், தேநீர் காய்ஞ்சுதா?" என்றுதான் ஆரம்பிப்பார் என்று தெரியும். விரலை எடுத்துவிட்டேன். நேரே டீச்சரம்மாவைக் கூப்பிட்டேன்.

"மைக் செட் நல்லாத்தான் இருக்காரு டீச்சர். அவர் ஃபோன்ல சார்ஜ் இல்லையாம், என்னைச் சொல்லச் சொன்னாரு. ஏழு."

"அப்படியா? சரி மாஸ்டர், எட்டு" என்று அவர் வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். பின்விளக்கைப் பார்க்காமல் லைன் கிளியர் கொடுத்தேன். முப்பத்தாறு வருஷத்தில் செய்யாததை ஒரு கேரம் காய்க்காகச் செய்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் நிம்மதி என்று காப்பி போட்டுக் குடித்தேன். அதுவும் ருசித்தது.

பத்து மணிக்கு மையத்துக்குப் போனால் ஹாலில் சத்தமே இல்லை. கேரம் பலகை மூடியபடி இருந்தது. வாசலில் நின்ற வேன்காரர்தான் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியாதாய்யா? மைக் செட் ஐயா ஆறரை மணிக்கே குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. ஈரத் தரையில ஒரு மணி நேரம் கிடந்திருக்காரு. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா சொல்றதுக்கில்லைன்னு டாக்டர் சொல்றாரு."

"யாரு பார்த்தது?" என்று கேட்டேன்.

"சிஸ்டர்தான். ஏழரைக்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவி போட்டுத் திறந்தது அவங்கதான்."

உள்ளே சிஸ்டரைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். புடவை முந்தானை ஈரம் காயாமல் இருந்தது. யாரோ கேட்டார்கள், சங்கிலிதான் முழுசாக வந்துவிட்டதே, எப்படித் தெரிந்தது என்று.

"முழுசா வந்துச்சு. ஆனா சீக்கிரம் வந்துடுச்சு" என்றார் சிஸ்டர். "தினமும் ஏழரைக்கு வர்ற பதினொண்ணு, இன்னைக்கு ஏழு இருபதுக்கே வந்துச்சு. நம்மள்ல பத்து நிமிஷம் எடுத்துக்கிற ஆளு யாரு? ஒருத்தர்தானே? அவர் பேசலைன்னா பேச முடியலைன்னு அர்த்தம். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கல. கிளம்பிட்டேன்."

தாமதமானால் பதற யாராலும் முடியும். சீக்கிரம் முடிந்ததற்குப் பதறிய ஒருவரை நான் என் வேலைக் காலம் முழுவதும் பார்த்ததில்லை. பத்துப் பேருடைய மூச்சுக்கும் பேச்சுக்கும் எத்தனை நிமிஷம் என்று அந்த அம்மாளுக்கு மனப்பாடம். கும்பிடத் தோன்றியது. கும்பிடுகிற தகுதி எனக்கு அன்றைக்கு இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் டீச்சரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தால் மறைத்திருக்கலாம். ஃபோன் கோளாறு என்று புளுகினால் அவரும் விட்டிருப்பார் போலிருந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"நான் அவரைக் கூப்பிடவே இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "நேத்துக் கோபத்துல அவரைத் தாண்டி டீச்சரைக் கூப்பிட்டேன். சார்ஜ் இல்லைன்னு பொய் சொன்னேன். என்னைச் சங்கிலியில இருந்து எடுத்துடுங்க சிஸ்டர்."

ஒருவர் நாற்காலியை இழுத்துத் தள்ளி உட்கார்ந்தார். சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு நோயாளியை எழுப்ப மனசில்லாம, காய்ச்சல் பார்க்காமலே சார்ட்ல நார்மல்னு எழுதினேன் மாஸ்டர். வார்டு வேலை அன்னைக்குத்தான் சீக்கிரம் முடிஞ்சுது. விடிஞ்சப்ப அவருக்கு ஜன்னி கண்டிருந்துச்சு. பிழைச்சுட்டாரு, என் நல்ல நேரம். அதுல இருந்து எந்த வேலை சீக்கிரம் முடிஞ்சாலும் ஒரு தடவை திரும்பப் போய்ப் பார்த்துடுவேன்." முந்தானையை உதறிவிட்டுக்கொண்டார். "உங்களை எடுக்கிறதா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன். ஏழாவது ஆளு சொல்லட்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க விடுவாங்க."

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். மூன்றாவது மாடி, ஜன்னலோரப் படுக்கை. அவர் உடம்பு பாதியாகத் தெரிந்தது. வாயைச் சுற்றி ரோமம் நரைத்து நின்றது. மறுநாள் அறுவை சிகிச்சை. என்னைக் கண்டதும் மைக் செட்டின் முகம் மலர்ந்த மலர்ச்சியை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

"அட, மாஸ்டர்! உயிரோடதான் இருக்கீங்களா!"

"எனக்கென்ன?" என்றேன், ஒன்றும் புரியாமல்.

"என்னவா? தரையில கிடக்கிறேன், அசைய முடியல. ஃபோன் கூடத்துல இருக்கு. கதவிடுக்குல சுவர்க் கடிகாரம் தெரியுது. ஏழு எட்டுக்கு நம்ம மாஸ்டர் கூப்பிடுவாரு, எடுக்கலைன்னா சிஸ்டருக்குச் சொல்லிடுவாரு, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோடான்னு கிடந்தேன். ஏழு எட்டு ஆச்சு. மணியடிக்கல. ஏழு ஒன்பது ஆச்சு, ஏழு பத்து ஆச்சு." அவர் மூச்சு வாங்கினார். "மாஸ்டர் ஒரு நாளும் தவற மாட்டாரே, அவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். என் இடுப்பு வலிகூட மறந்துபோச்சு. சிஸ்டர் கதவைத் திறந்ததும் முதல்ல மாஸ்டர் வீட்டுக்கு ஓடுங்கன்னுதான் சொன்னேன். அந்தம்மா காதுலயே வாங்கல."

எலும்பு உடைந்து ஈரத்தில் கிடந்த மனிதர் எனக்காகப் பயந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். கேரத்தில் தொடங்கி, எண்ணின் மேல் வைத்த விரலை எடுத்தது, டீச்சரம்மாவிடம் விட்ட புளுகு, காப்பி ருசித்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

மைக் செட் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அப்போதும் பேசவில்லை. அந்த மனிதரின் மௌனத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒரு நாள் நிம்மதி வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன்.

"மாஸ்டர்."

திரும்பினேன். அவர் தலையணைக்கடியிலிருந்து ஃபோனை எடுத்து, கைக்கெட்டும் இடத்தில், மார்பின் மேலேயே வைத்துக்கொண்டார்.

"எட்டு மணிக்குத்தான் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். காலையில கூப்பிடுவீங்கல்ல?"

"ஏழு எட்டுக்கு" என்றேன்.

"பத்து நிமிஷம் பேசுவேன்."

"பேசுங்க" என்றேன்.