ஒலி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது

டிஸ்க் பெட்டியின் மேல் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'ஒலி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது.' வெள்ளிக்கிழமை தபால்காரன் அதைக் கையில் கொடுத்தபோது, இந்த வரியை எழுதினவன் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் சர்க்கரை மண்ணாக மாறிவிட்டது.

எங்கள் ஊரான ரொசாரியோவில் லாஸ் கோத்தேராஸ் என்று ஒரு பாட்டுக் குழு இருந்தது. ஒழுகும் கூரை என்று அர்த்தம். பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்த கொட்டகை அப்படி. லிசாந்த்ரோ பாடுவான், எலிசேயோ டிரம்ஸ், நான் கிட்டார். பேஸ் கிட்டாருக்கு அவ்வப்போது யாராவது ஒருவன் வருவான். எண்பத்தாறில், எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில், ஆற்றோரத்து கிளப்பின் கூடைப்பந்து அரங்கில் நாங்கள் நடத்திய கச்சேரியை டி.வி.க்காரர்கள் படம்பிடித்து, பிறகு வீடியோ கேசட்டாகவும் விற்றார்கள். அதன் ஒலி படுமோசம். சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி முதலிலிருந்து கடைசிவரை ஓர் இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலுக்குள் நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

சில வருடங்களில் குழு கலைந்தது. நான் இறைச்சிக் கிடங்கில் வேலைக்குப் போனேன். அங்கே எலும்பு அறுக்கிற ரம்பம் என் இடது கையிலிருந்து இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் எனக்குக் கல்யாணம், அதற்கப்புறம்தான் மகள் அயெலென். அதாவது என் மனைவியாக இருந்தவளும் என் மகளும் நான் வாசித்துக் கேட்டதே கிடையாது. கேசட்டைப் போட்டுக் காட்டலாம் என்றால், பரானா ஆற்றின் ஈரத்தில் அது பூஞ்சை பிடித்து, கடைசியில் ஒரு மெஷினுக்குள் சிக்கி நார் நாராக வந்தது.

நாடு திவாலான வருடம் என் மனைவியாக இருந்த நிதியா குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். நாங்கள் பிரிந்து அதற்குள் வெகுகாலம் ஆகியிருந்தது. நிதியாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளிடம் ஒரு வசனம் உண்டு. "உங்கப்பன் பெரிய கிட்டார்காரனாம். அவனேதான் சொல்லிக்கிட்டுத் திரியறான்." அயெலென் அதைக் கேட்டே வளர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை நான் கார் நிறுத்துமிடத்தில் சாவி வாங்கி வைக்கிற, எட்டு விரல்காரக் கிழவன். பொய் சொல்கிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. 'ஓ, அப்படியாப்பா' என்று மட்டும் சொல்வாள். அந்த 'ஓ' தான் எனக்குத் தாங்காது.

இந்த வருடம் அவள் ஊர் பார்க்க வந்தாள். கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் தலைநகருக்குப் பேருந்து, மறுநாள் விமானம். சரியாக அந்த வாரம்தான் எங்கள் கச்சேரி புது டிஸ்க்காக வந்தது. தெய்வமே கணக்குப் போட்டு அனுப்பியது என்று நினைத்துக்கொண்டேன். டிஸ்க்கை வெள்ளிக்கிழமையே போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்து என்னை நானே கேட்பது மகள் பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும் என்று உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். வடிகட்டின முட்டாள்தனம்.

எலிசேயோ தன் வீட்டு ஸ்பீக்கர்கள் இரண்டையும் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் கொல்லையில் கரி மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தேன்.

"டேய் குண்டா, கறி கருகுது பாரு. விரல்தான் போச்சு, மூக்குமா போச்சு?"

"உன் வாய் போகலையேன்னுதான்டா எனக்கு வருத்தம்."

அயெலென் ஒரு பெட்டி இனிப்போடு வந்தாள். ஸ்பெயின் வாடை அடிக்கிற பேச்சு, கன்னத்தில் ஒரு முத்தம், கொஞ்சம் மரியாதை. நடுவில் ஒரு பலகை போட்ட மாதிரியே எப்போதும் இருக்கும். சாப்பாட்டு மேசையில் எலிசேயோ வழக்கப்படி எழுந்து, "அடுப்புக்காரருக்கு ஒரு கைதட்டு!" என்றான். தட்ட இருந்தது இரண்டே பேர். தட்டினார்கள்.

சாப்பிட்டதும் டிஸ்க்கைப் போட்டேன்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் அடி விழுந்ததும் ஜன்னல் அதிர்ந்தது.

"அடேயப்பா! கேட்டியாம்மா? இது நான்!" என்று எலிசேயோ துள்ளினான். "அப்பல்லாம் இப்படிக் கேட்டதே இல்ல. நெஞ்சுல வந்து இடிக்குது பாரு!"

லிசாந்த்ரோ மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாவி, செத்து எத்தனையோ வருடம் ஆகிறது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகு கேமரா என் பக்கம் திரும்பியது. தலை நிறைய முடி, ஒட்டின வயிறு, பத்து விரல். நான் குனிந்து வாசிக்கிறேன். விரல்கள் ஓடுகின்றன.

ஒன்றும் கேட்கவில்லை.

எலிசேயோ எழுந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினான். இடது ஸ்பீக்கரைத் தட்டினான், வலதைத் தட்டினான். டிரம்ஸ் கேட்டது, குரல் கேட்டது, பேஸ் கிட்டார்கூட எங்கோ உறுமியது. அடுத்த பாட்டுக்குத் தள்ளினேன். அதற்கடுத்ததற்கும் தள்ளினேன். அங்கேயும் என் விரல்கள் ஓடின, அங்கேயும் ஊமை. அயெலென் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏளனம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரக்கம் இருந்தது.

"எனக்குப் புரிஞ்சிடுச்சுடா," என்றான் எலிசேயோ. அவன் குரல் இறங்கியிருந்தது. "பழைய கேசட்டுல இருந்தது டி.வி.க்காரன் கூரையில தொங்கவிட்ட மைக்கோட சத்தம். அது இரைச்சலா இருக்குன்னு தூக்கிட்டானுங்க. மேடை மைக்கெல்லாம் போய்ச் சேர்ற மிக்ஸர்ல தனியா பதிவாகியிருந்த டேப்பைத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கானுங்க. சுத்தமா இருக்குமில்ல."

"அதுல நான் எங்க?"

"நீ எப்படிடா இருப்ப? உன் கிட்டாரோட ஆம்ப்ளிஃபயர் அங்க காது கிழியக் கத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்குன்னு ஒரு மைக்கை எவன் வீணாக்குவான்? கூடத்துல இருந்த எல்லாருக்கும் நீ கேட்ட. மிக்ஸருக்கு மட்டும்தான் கேக்கல."

அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்வது. தலைநகரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தன் மேடையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறானே, அவன் கையில் இருப்பது என்ன விறகா என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரைச்சலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று என்னையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, மேலே தங்க எழுத்து வேறு. டிஸ்க்கைப் பிடுங்கிக் கரி அடுப்பில் போடலாம் என்றுதான் எழுந்தேன்.

"விடுங்கப்பா, பரவாயில்ல," என்றாள் அயெலென். "நீங்க வாசிச்சீங்கன்னு நான் நம்பறேன்."

நம்பறேன். சாமியை நம்புகிற மாதிரி. அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கிளம்ப நேரம் பார்க்கிறாள் என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை, அதுவும் இரண்டு பேர் பக்கத்தில் இருக்கும்போது.

டிஸ்க் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு வந்தது. அதன் தொடக்கத்தில் வார்த்தை கிடையாது, என் கிட்டார் தனியாக ஒரு மெட்டு வாசிக்கும். திரையில் நான் ஆரம்பித்தேன், ஊமையாக. லிசாந்த்ரோ மேடை விளிம்புக்குப் போய்க் குனிந்து, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான்.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டை மட்டும் பாடிவிட்டுச் சும்மா இருக்காது. வார்த்தை இல்லாத இடத்தையும் பாடும், கிட்டாரையும் பாடும், விட்டால் மேடை விளக்கையும் பாடும். அரங்கம் முழுக்கக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, 'ஓ ஓ ஓ' என்று என் மெட்டைப் பாடியது. மைக் வாய் அங்கே இருந்ததால் அது அப்படியே மிக்ஸருக்குப் போயிருக்கிறது. தொண்டை கட்டின பையன்கள், கீச்சுக்குரல் பெண்கள், சுருதி விட்ட ஆயிரம் பேர்.

அயெலென் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"இங்க பாட்டே இல்லையே. இவங்க என்னத்தப் பாடறாங்க?"

"நான் வாசிக்கிறத," என்றேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள், அதாவது திரையில் இருக்கிற விரலை. அது மேலே ஏறும்போது கூட்டமும் மேலே ஏறியது. அது நின்று இழுக்கும்போது கூட்டமும் இழுத்தது.

"திருப்பிப் போடுங்கப்பா."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எலிசேயோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான், அது அவன் வாழ்நாள் சாதனை. ஒரு கட்டத்தில் அவள் திரையை விட்டுவிட்டு என் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விரல் இல்லாத இடத்தைத் தொடாமல் எல்லாரும் கை கொடுப்பார்கள். அவள் அந்த இடத்தைத்தான் பிடித்தாள்.

"இத்தனை பேரும் உன்னைப் பாடினாங்களாப்பா?"

தலையை ஆட்டினேன்.

பேருந்து நிலையத்துக்கு நான்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள். என் மெட்டு. என் மகள் வாயில் என் மெட்டு. அவள் அதைப் பாடி முடித்தபோதுதான், அது முடியவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அந்த மெட்டின் கடைசியில் மூன்று சுரங்கள் இறங்கி வரும். மேலே ஏறினவன் வீட்டுக்குத் திரும்புகிற இடம் அது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. கூட்டம் அதைப் பாடியதே இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் எல்லாரும் குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். குதிக்கிறவன் வாயில் சுரம் நிற்காது. அதை நான் மட்டும் வாசித்து முடிப்பேன். அயெலெனுக்குத் தெரிந்தது கூட்டம் பாடினது. அவள் அங்கேயே நிறுத்தினாள், முகம் முழுக்கச் சந்தோஷம்.

சொல்ல வாயெடுத்தேன். கதவு திறந்தது, ஜனங்கள் நெருக்கினார்கள். "போய்ச் சேர்ந்ததும் பேசறேன்ப்பா," என்று கட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

ஸ்பீக்கரை எடுக்க வந்த எலிசேயோவிடம் மறுநாள் கேட்டேன். "அந்தக் கடைசி மூணு சுரம் உனக்கு ஞாபகம் இருக்கில்ல?"

"எந்த மூணு?"

"மெட்டு முடியற இடத்துலடா. கீழ எறங்குமே."

அவன் உண்மையாகவே யோசித்தான். பிறகு சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "குண்டா, அந்த எடத்துலதான் நான் டிரம்ஸ்ல விழுவேன். அதுக்கப்புறம் எனக்கு இடி விழுந்தாக்கூடக் கேக்காது. நீ ஏதோ வாசிக்கறன்னு தெரியும். என்னன்னு கேட்டதே இல்லடா."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் போனபின் வீட்டில் உட்கார்ந்து அந்த மூன்று சுரத்தையும் வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். கேசட் போய்விட்டது, விரல் போய்விட்டது, இனி அது இருக்கிற ஒரே இடம் என் மண்டை.

நேற்று காலை மாத்தே டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது அயெலென் குரல் செய்தி அனுப்பினாள். பின்னால் குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம். பாத்திரம் கழுவிக்கொண்டே மெட்டைப் பாடியிருந்தாள். சுருதி சுத்தம், கூட்டத்தைவிட நன்றாகவே பாடினாள். அதே இடத்தில் நிறுத்தினாள். பிறகு சிரித்துக்கொண்டு, "அம்மாகிட்டயும் பாடிக் காட்டினேன். கிண்டலா ஒண்ணும் சொல்லல, திரும்பப் பாடச் சொன்னா. நான் சரியா பாடறேனாப்பா?" என்று கேட்டாள்.

போனில் மைக் பொத்தானை அழுத்தி, மூன்று சுரத்தையும் பாடினேன். கிழட்டுக் குரலில் கரகரவென்று இருந்தது. ஒருதடவை போட்டுக் கேட்டேன். இதை அனுப்பினால் அவளுக்கு முழு மெட்டும் கிடைக்கும். கூடவே, அவள் என்னுடையது என்று அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினது முக்கால் பங்குதான் என்பதும் தெரிந்துவிடும். அவளுக்கு அது குறையாகவே தெரியவில்லை. குறை தெரிகிறவன் நான் ஒருத்தன்தான்.

பதிவை அழித்தேன். அடுப்பில் தண்ணீர் மாத்தேவுக்கு ஆகாதபடி கொதித்து வீணாகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.

"சரியாத்தான் பாடற, கண்ணு," என்றேன். "அப்படியே வச்சுக்க."