தடித்த கைப்பிடி

நான் அடித்த முதல் இரும்பு வாழைப்பழம் போல வளைந்தது. "கத்தி செய்யச் சொன்னா அரிவாள் செய்றீங்களேக்கா" என்றாள் பட்டறைக்காரி. என்னைவிட இளையவள்; வாய் மட்டும் மூத்தது. தையற்காரிக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று என் தங்கையும் கேட்டாள். என் கணவர் ஓர் அலுவலகக் கேண்டீனில் காய் நறுக்குகிறவர். அங்குள்ள கத்தி சரியில்லை, கையை விட்டு நழுவுகிறது என்று கொஞ்ச காலமாக ஒரே புலம்பல். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன்.

அடுத்த இரும்பு சொன்ன பேச்சைக் கேட்டது. காய்ச்சி அடித்து, அரத்தால் ராவி வடிவம் எடுத்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அந்த அலகைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பாக்கி கைப்பிடிதான்.

"யாருக்குக் கத்தியோ அவங்க பிடியை மாவுல பதிச்சு எடுத்துட்டு வாங்க. அந்த அளவுக்கு மரத்தைச் செதுக்கலாம்" என்றாள் பட்டறைக்காரி.

வீட்டில் மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டிக் கணவரிடம் கொடுத்தேன். அடுப்படிக்குள் போய்ப் பிடித்துக் கொண்டுவந்தார். ஐந்து விரலும் அச்சடித்தாற்போல் விழுந்திருந்தன.

பட்டறைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுக்காரருக்கு இடது கைப் பழக்கமாக்கா?"

"இல்லையே."

"இது இடது கை." தன் வலது கையை வைத்துக் காட்டினாள், பொருந்தவில்லை. இடது கை பொருந்தியது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொல்கிறார். கொஞ்சுகிறார் என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன், மண்டு.

வீட்டுக்கு வந்து புது மாவை நீட்டினேன். "என் எதிர்ல பிடிங்க. வலது கையால."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு பிடித்தார். கட்டை விரலும் அடுத்த இரண்டும் பதிந்தன. மற்ற இரண்டும் மடங்கவே இல்லை.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு. நரம்புக் கோளாறாம், இனிமே சரியாகாதுன்னுட்டார். கேண்டீன்ல தெரிஞ்சா வேலை போயிடும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

மாவை என் கையில் வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

மூன்று விரலுக்கு அடங்குகிற மாதிரி, உள்ளங்கையில் உட்காரும்படி கைப்பிடியைத் தடியாகச் செதுக்கினேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவர் வெங்காயம் நறுக்கியபோது கத்தி நழுவவில்லை. நறுக்கி முடித்த பிறகும் அதைக் கீழே வைக்காமல் நின்றார்.

மறுநாள் காலையில் கத்தியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். செருப்பை மாட்டியவர் வாசலிலேயே நின்றார்.

"பிடி ஏன் இப்படி இருக்குன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"என் பொண்டாட்டி செஞ்சது, அவளுக்குக் கத்தி செய்யவே வராதுன்னு சொல்லிடவா?"

"தாராளமா சொல்லுங்க" என்றேன்.