கம்பி தொடாத பூக்கள்

பந்தல்காரர் ரசீத் அரிவாளை மயில்கொன்றையின் கொப்பில் வைத்தபோது, பாக்கியசீலன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"அதுல கை வைக்காதீரும்வே."

"ரெண்டு கொப்பைத் தள்ளுனாத்தான் அண்ணாச்சி, துணியை இழுத்துக் கட்ட முடியும். பதினோரு மணி வெயில்ல சனம் எங்கன உக்காரும்?"

உள்ளே குளிர்பெட்டியில் அவர் மனைவி சாரம்மாள் கிடந்தாள். நேற்று விடியலில் பாலை அடுப்பில் வைத்தவள், அப்படியே சுவரோடு சரிந்துவிட்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகன் ஹெப்ரான் அவர் தோளைத் தொட்டான். "ரெண்டு கொப்புதானப்பா. திரும்பத் தளுத்துரும்."

"வெட்டு படாம வளந்த செடிலே இது."

பாக்கியசீலன் மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் லைன்மேனாக இருந்தவர். பாளையங்கோட்டையில் கம்பியை உரசிய மரங்களில் பாதி அவர் கையால் கழிபட்டவை. கல்யாணமான நாலாம் வருடம், சாரம்மாள் வாசலில் வளர்த்த வாகையையும் அவர்தான் ஏணி போட்டு மொட்டையாக்கினார். அன்று அவள் தெருவில் கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டாள்.

"உங்க கம்பிக்குக் கீழ எத்தன அடி வளரலாம்?"

"பன்னிரண்டு. அதுக்கு மேல போனா வெட்டித்தான் ஆவணும்."

அதன் பிறகு நாற்றுப் பண்ணை நாற்றுப் பண்ணையாக ஏறி இறங்கினாள். முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் என்பது ஒன்றுதான் அவள் கேள்வி. 'வெட்டி விட்டுக்கிடலாம்மா' என்று பதில் வந்தால், செடியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவாள். "அது அது இஷ்டத்துக்கு வளரணும். ஆனாலும் உங்க ஆளுக அருவாளோட வரக்கூடாது" என்பாள். அப்படித் தேடி வந்தவைதான் சிவப்பும் மஞ்சளுமாக இந்த மயில்கொன்றை, அதற்கடுத்த ரோஸ் அரளி, முனையில் இட்லிப்பூ. தன் வாசல் முடிந்ததும் மற்ற வீடுகளுக்குப் போய்க் கேட்டாள். தெருவின் பதினாறு வாசலிலும் அவள் வைத்த செடிதான் நின்றது.

ரசீத் அரிவாளைச் சைக்கிளில் மாட்டினார். "சரி அண்ணாச்சி, எதிர்த்த செவுத்தோட சாச்சுக் கட்டிருதேன்."

பத்தரை மணிக்கு மின்வாரியத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இப்போதைய உதவிப் பொறியாளர் சண்முகசுந்தரி மாலை வைத்துவிட்டு வெளியே வந்து, தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"மழைக்கு முந்தி கொப்பு கழிக்க லிஸ்ட் போடுவோம்லா அண்ணாச்சி. நான் வந்து ஆறு வருசம் ஆச்சு. இந்தத் தெரு அதுல வந்ததே இல்ல. ஏன்னு இப்பத்தான் பாக்கேன். யாரு வச்சது?"

"எங்க வீட்டுக்காரி" என்றார். பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "பதினாறு வாசலும் அவ வச்சதுதான். ஒண்ணுலகூட அருவா படல."

அப்பா இத்தனை சத்தமாகப் பேசி ஹெப்ரான் கேட்டதில்லை.

போதகர் ஜெபித்து முடித்ததும் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பாக்கியசீலன் முன்னால் ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பைய போங்க தம்பி."

அந்தந்த வாசலில், அந்தந்தச் செடியின் பக்கத்தில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். மயில்கொன்றை வண்டியின் கூரையை உரசியது. முன்கண்ணாடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இதழ்கள் விழுந்தன. ஓட்டுநரின் கை வைப்பரைப் போடப் போனது. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையை ஸ்டியரிங்குக்கே கொண்டுவந்தான்.